பழைய கணக்கை ஒருவர் திருத்தினால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பிளாக்செயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் பொறியியல் மாணவர்கள், வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கெழுதுகிறவர்கள், கமக்காரர் அமைப்புச் செயலாளர்கள் என்று பலரும் பிளாக்செயின் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். "இதில் எவ்வளவு உழைக்கலாம்" என்பதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலபோக நெல் கிட்டங்கிக்கு வந்து இறங்கும்போது யாருடையது, எத்தனை மூடை என்பதை நான்கு சங்கத்துக் கணினிகளும் ஒரே பதிவேடாக வைத்திருக்கின்றன. தலைமை அலுவலகம் என்று ஒன்று இல்லை. கற்பனைதான், ஆனால் கணக்குகள் உண்மையானவை.

சுருக்கமாகச் சொன்னால் பிளாக்செயின் என்றால் என்ன?

ஒரே பதிவேட்டின் பிரதியைப் பலர் வைத்திருப்பார்கள். புதிய பக்கம் சேர்க்கலாம், பழைய பக்கத்தைத் திருத்தக் கூடாது. திருத்தினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த பக்கத்தில் என்ன எழுதுவது என்பதை எல்லோரும் சேர்ந்து ஒரு விதிப்படி தீர்மானிப்பார்கள். அந்தப் பக்கத்தைத்தான் பிளாக் என்கிறார்கள்.

பழைய பக்கத்தை மாற்றினால் எப்படிப் பிடிபடும்?

போனில் இருக்கும் கல்குலேட்டரை எடுங்கள். செய்து பார்த்தால்தான் இது மனதில் பதியும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முத்திரை எண் போடுவோம். விதி இதுதான்: முந்தைய பக்கத்தின் முத்திரையை 31ஆல் பெருக்கி, இந்தப் பக்கத்து மூடை எண்ணிக்கையைக் கூட்டி, 997ஆல் வகுத்து, மீதியை எடுக்க வேண்டும். தொடக்க முத்திரை 100.

முதல் பக்கம் 50 மூடை. 100ஐ 31ஆல் பெருக்கினால் 3100, அதோடு 50 சேர்ந்தால் 3150, 997ஆல் வகுத்தால் மீதி 159. இரண்டாம் பக்கம் 72 மூடை. 159ஐ 31ஆல் பெருக்கி 72ஐக் கூட்டினால் 5001, மீதி 16. மூன்றாம் பக்கம் 38 மூடை. அதே வழியில் 534. ஆக முத்திரைகள் 159, 16, 534.

இப்போது யாரோ முதல் பக்கத்தில் 50ஐ 60 ஆக்குகிறார். முதல் முத்திரை 169 ஆகிறது. அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைக் கணித்தால் 326, மூன்றாம் பக்கம் 174. இரண்டாம், மூன்றாம் பக்கங்களை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் அவற்றின் முத்திரைகள் தலைகீழாகிவிட்டன. முந்தைய முத்திரை அடுத்த பக்கத்துக்குள்ளே புகுந்துகொள்வதால் வருவது இது. கடைசி முத்திரை ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறவருக்குக்கூட, பின்னால் எங்கேயோ கை வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்படியென்றால் இந்த 997 கணக்கே போதுமே?

போதாது. முதல் பக்கத்தில் 50க்குப் பதிலாக 1047 என்று எழுதிப் பாருங்கள். 3100 கூட்டல் 1047 என்றால் 4147, மீதி மறுபடியும் 159! முத்திரை அப்படியே இருக்க, மூடை மட்டும் இருபது மடங்குக்கு மேலாகிவிட்டது.

உண்மையான அமைப்புகளில் இந்த இடத்தில் இருப்பது ஹாஷ் சூத்திரம். பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தில் அது எஸ்எச்ஏ-256. உள்ளே ஒரு வரி போனாலும் ஒரு முழுப் புத்தகம் போனாலும் வெளியே வருவது 256 பிட்டுகள்தான், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் 256. ஒரு எழுத்தை மாற்றினால் அந்தப் பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி மாறிவிடும், எந்தப் பாதி என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே ஹாஷ் தரும் இரண்டு வேறு பதிவுகளை எஸ்எச்ஏ-256இல் இதுவரை யாரும் காட்டவில்லை. அதற்கு முந்திய எஸ்எச்ஏ-1க்கு அந்த நிலை போய்விட்டது. 2017இல் கூகுளும் நெதர்லாந்தின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் ஒரே ஹாஷ் கொண்ட இரண்டு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. சூத்திரங்களுக்கும் ஆயுள் உண்டு.

திருத்துகிறவர் பின்னால் வரும் எல்லா முத்திரைகளையும் புதிதாகக் கணித்து எழுதிவிட்டால்?

நல்ல கேள்வி. பல விளக்கங்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகின்றன. 159, 16, 534ஐ அழித்துவிட்டு 169, 326, 174 என்று எழுதினால், அந்தப் பதிவேடு தன்னளவில் சரியாகவே இருக்கும். அதை மட்டும் பார்க்கிறவருக்குக் களவு தெரியாது. ஹாஷ் சங்கிலி தனியாக எதையும் காப்பாற்றுவதில்லை. கடைசி முத்திரை 534 என்று வேறொருவர் கையிலும் இருந்தால்தான் அதற்குப் பெறுமதி.

இந்த யோசனை பிட்காயினுக்கு முந்தியது. 1991இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் ஆவணங்களுக்குக் காலமுத்திரை போட ஹாஷ் சங்கிலி முறையை எழுதினார்கள். அதன் வழி வந்த ஷூரிட்டி நிறுவனம் 1995 முதல் தன் ஹாஷை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சடித்தது. பத்திரிகை ஊரெல்லாம் போய்விடும். பழைய பதிவைத் திருத்த நினைப்பவர் வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பர்களையும் திருத்த வேண்டும்.

நமது உதாரணத்தில் மன்னார் தன் பிரதியை முழுதாக மாற்றி எழுதினாலும், மற்ற மூன்று இடங்களிலும் 534 இருக்கும். தவிர, ஒவ்வொரு பதிவிலும் அதைப் போட்ட சங்கத்தின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. கிளிநொச்சியின் பதிவில் 50ஐ 60 ஆக்கினால் கிளிநொச்சியின் கையொப்பம் பொருந்தாது. அதைப் புதிதாகப் போட கிளிநொச்சியின் இரகசியச் சாவி, அதாவது கிளிநொச்சி மட்டுமே வைத்திருக்கும் இரகசிய எண், வேண்டும்.

ஆயிரம் பதிவில் ஒன்று மாறியிருந்தால் ஆயிரத்தையும் ஒப்பிட வேண்டுமா?

வேண்டாம். ரால்ஃப் மெர்க்கிள் 1979இல் முன்வைத்த மர அமைப்பு இதற்குத்தான். பதிவுகளின் ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி ஹாஷ் எடுத்து, கடைசியில் உச்சியில் ஒன்றே ஒன்று நிற்கும்வரை போவது. இரு கணினிகளின் உச்சி ஹாஷ்கள் ஒத்துப்போனால் உள்ளே எல்லாம் ஒன்றே. ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கிளை வேறுபடுகிறது என்று கீழே இறங்கலாம். 1024 பதிவு என்றால் பத்துப் படியில் மாறிய பதிவு கையில்.

இதில் கமக்காரருக்கும் ஒரு நன்மை உண்டு. முழுப் பதிவேடும் இல்லாமல், தன் சிட்டையும் பத்து ஹாஷ்களும் இருந்தாலே தன் 50 மூடை அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நிரூபித்துவிடலாம்.

சரி, அடுத்த பக்கத்தில் என்ன எழுதுவது என்று நால்வரும் எப்படி ஒத்துக்கொள்கிறார்கள்?

ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய கூட்டத்துக்குப் பழைய, நல்ல முறை ஒன்று இருக்கிறது. 1999இல் மிகுவேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் எழுதியது, பிபிஎஃப்டி என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஒருவர் தலைவர். இப்போதைக்குக் கிளிநொச்சி. அது "118ஆம் பக்கம், 50 மூடை" என்று கையொப்பமிட்டு மூவருக்கும் அனுப்புகிறது. கேட்டவர்கள் உடனே எழுதிவிடுவதில்லை. "118க்கு எனக்கு வந்தது 50" என்று ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். தலைவரையும் தன்னையும் சேர்த்து மூன்று பேர் ஒரே எண்ணைச் சொல்வதைக் கண்டவர் "உறுதி" என்று இன்னொரு சுற்றுச் செய்தி அனுப்புகிறார். மூன்று "உறுதி" சேர்ந்தபின்தான் பக்கம் எழுதப்படுகிறது. எழுதியபின் பின்வாங்கல் கிடையாது.

தலைவரே கள்ளன் என்று வைப்போம். மன்னாருக்கு 50 என்றும் வவுனியாவுக்கு 80 என்றும் சொல்கிறார். 50ஐ எழுத மூன்று பேர் வேண்டும், 80ஐ எழுதவும் மூன்று பேர் வேண்டும். இருப்பது நால்வர் என்பதால் அந்த இரண்டு மூவர் கூட்டங்களிலும் குறைந்தது இரண்டு பேர் பொதுவாக இருந்தே ஆக வேண்டும். கள்ளன் ஒருவர்தான் என்றால் அந்த இருவரில் ஒருவராவது நேர்மையானவர், அவர் இரண்டையும் சொல்லமாட்டார். ஆகவே 50, 80 இரண்டும் நிறைவேற வழியே இல்லை. மிஞ்சிப்போனால் எதுவும் எழுதப்படாமல் நேரம் கடக்கும். அப்போது மற்றவர்கள் தலைவரை மாற்றிவிடுவார்கள். கிளிநொச்சி கையொப்பமிட்ட இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே சாட்சி.

மூன்று சங்கம் போதாதா?

ஒரு கள்ளனைத் தாங்க மூன்று போதாது. மூவரில் ஒருவரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் கள்ளனா, லைன் இல்லையா? தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. காத்துக்கொண்டே இருக்க முடியாது என்பதால் மீதி இருவரை வைத்து முடிவெடுக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர்தான் கள்ளன் என்றால் கதை முடிந்தது.

லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982இல் பைசாந்தியத் தளபதிகள் என்ற பெயரில் எழுதிய சிக்கல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. விதி: தாங்க வேண்டிய கள்ளர்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். ஒருவருக்கு 4, இருவருக்கு 7.

யாழ்ப்பாணத்தையும் சேர்த்து ஐந்து ஆக்கினால் பலம் கூடுமா?

கூடாது. ஐந்திலும் ஒரு கள்ளனைத்தான் தாங்கலாம். ஆனால் முடிவுக்கு மூன்று பேர் போதுமென்றிருந்த இடத்தில் இப்போது நான்கு பேர் வேண்டும். செய்திகளும் கூடும். சேர்ப்பதென்றால் ஏழாகச் சேருங்கள்.

மாரியில் லைன் அறுந்தால் என்ன ஆகும்?

ஒரு இடம் மட்டும் அறுந்தால் ஒன்றும் ஆகாது. மற்ற மூன்றும் வேலையைத் தொடரும். அறுந்தது திரும்பி வந்ததும் விடுபட்ட பக்கங்களை வாங்கி, ஹாஷைச் சரிபார்த்துச் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு இடம் அறுந்தால் நின்றுவிடும். தவறாக எழுதுவதைவிட எழுதாமல் நிற்பது மேல் என்பது இந்த முறையின் குணம். வன்னியில் இது ஏட்டுக் கவலை அல்ல. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒன்றாகவே பாதிக்கப்பட்டன. "நான்கில் ஒன்று பழுதானால் தாங்கும்" என்ற கணக்கு, பழுதுகள் தனித்தனியாக வரும் என்று நம்பிப் போட்ட கணக்கு. ஒரே குளத்தின் கீழும் ஒரே மின் இணைப்பிலும் ஒரே கோபுரத்திலும் தொங்கும் இரண்டு கணினிகளை இரண்டு என்று எண்ணக் கூடாது.

ராஃப்ட் என்று இன்னொரு ஒத்துக்கொள்ளும் முறை சொல்கிறார்களே?

அது 2014இல் வந்த எளிய முறை. கணினி நின்றுபோவதைத் தாங்கும், பொய் சொல்வதைத் தாங்காது. நிறுவனங்கள் தங்களுக்குள் பிளாக்செயின் நடத்தப் பயன்படுத்தும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் அமைப்புகள் பலவற்றில், பதிவுகளை வரிசைப்படுத்தும் பகுதி இதில்தான் ஓடுகிறது. யாராவது தங்கள் அமைப்பைக் காட்ட வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ராஃப்டா, பிஎஃப்டியா (பிபிஎஃப்டி போலப் பொய்யையும் தாங்கும் முறையா)?

பிட்காயினில் யார் யாரென்றே தெரியாதே, அங்கே எப்படி வாக்கெடுப்பது?

ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் ஒருவரே ஆயிரம் பெயரில் வருவார். அதனால் அங்கே செய்த வேலைக்குத்தான் வாக்கு. ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பும் 80 பைட். முந்தைய ஹாஷ், மெர்க்கிள் உச்சி, நேரம், இன்னும் சில, கூடவே இஷ்டப்படி மாற்றக்கூடிய ஒரு எண். ஹாஷ் ஒரு குறிப்பிட்ட இலக்குக்குக் கீழே விழும்வரை அந்த எண்ணை மாற்றி மாற்றிப் போட வேண்டும். குறுக்குவழி இல்லை. சராசரி 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும்படி, 2016 பிளாக்குக்கு ஒருமுறை இலக்கு மாற்றப்படுகிறது.

கண்டுபிடிப்பதுதான் பாடு, சரிபார்ப்பது ஒரே ஒரு கணக்கு. சாதாரண மடிக்கணினியும் அதைச் செய்யும். பிளாக்கை வாங்குகிற ஒவ்வொரு கணினியும் கையொப்பம், மீதித் தொகை, இரட்டைச் செலவு (ஒரே காசை இரண்டு முறை செலவழித்தல்) எல்லாவற்றையும் தானே பார்த்து, பிழையென்றால் தூக்கி எறிந்துவிடும். இரண்டு நல்ல பிளாக்குகள் ஒரே நேரத்தில் வந்தால், கூடுதல் வேலை அடங்கிய சங்கிலியை எல்லோரும் பின்பற்றுவார்கள்.

ஆனால் பிபிஎஃப்டி போல இங்கே முடிவு உடனே முடிவாகாது. மேலே பிளாக்குகள் ஏற ஏற உறுதி கூடும். 2008இல் வெளியான பிட்காயின் கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது: தாக்குகிறவரிடம் எல்லோருடைய மொத்தக் கணிப்புச் சக்தியில் 10 வீதம் இருந்தால், 5 பிளாக் பின்தங்கிய நிலையிலிருந்து அவர் முந்தும் வாய்ப்பு 0.1 வீதத்துக்கும் குறைவு. அவரிடம் 30 வீதம் இருந்தால் அதே பாதுகாப்புக்கு 24 பிளாக் காத்திருக்க வேண்டும்.

கணிப்புச் சக்தியில் 51 வீதம் ஒருவர் கையில் வந்தால் எல்லாக் காசையும் எடுத்துவிடலாமா?

முடியாது. உங்கள் கையொப்பத்தை அவரால் போட முடியாது. தான் செலவழித்ததை அழித்துவிட்டு மறுபடி செலவழிக்கலாம், மற்றவர்களின் பதிவுகளைத் தடுத்துவைக்கலாம். நடந்தும் இருக்கிறது: 2018இல் பிட்காயின் கோல்ட் என்ற நாணயத்தில், 2019இலும் 2020இலும் எதீரியம் கிளாசிக் என்ற நாணயத்தில். ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது, குறைந்த சக்தியில் ஓடிய சிறிய சங்கிலிகளில்.

எதீரியம் என்ற மற்றப் பெரிய பிளாக்செயினில் எப்படி?

2022 செப்டம்பர் 15 முதல் அங்கே வேலைக்குப் பதில் பிணைவைப்பு. அதன் நாணயமான ஈதரில் குறைந்தது 32ஐப் பிணையாக வைத்தவர்கள் வாக்களிக்கிறார்கள், 12 விநாடிக்கு ஒரு பிளாக் இடம். பிணையில் மூன்றில் இரண்டு பங்கு ஒத்துக்கொண்டால் பிளாக் முடிந்த முடிவு. ஒரே இடத்துக்கு இரண்டு வேறு வாக்குப் போட்டுப் பிடிபட்டால் பிணை வெட்டப்படும். மின்செலவு 99 வீதத்துக்கு மேல் குறைந்தது.

எல்லோரும் நேர்மையாக இருந்தும் பிழைக்குமா?

பிழைத்திருக்கிறது. 2010 ஆகஸ்டில், பிட்காயினின் 74638ஆம் பிளாக்கில் ஒருவர் 18,400 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்களை ஒரே பரிமாற்றத்தில் உண்டாக்கினார். மொத்தமே 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. கூட்டுத்தொகை கணினி வைத்திருக்கக்கூடிய எண்ணின் அளவை மீறிச் சுற்றிவந்ததை மென்பொருள் கவனிக்கவில்லை. எல்லாக் கணினியிலும் அதே மென்பொருள் என்பதால் எல்லாமே தலையாட்டின. சில மணி நேரத்தில் திருத்திய பதிப்பு வந்து, அந்தப் பிளாக் இல்லாத சங்கிலி மெல்ல முந்தியது.

2013 மார்ச்சில் நடந்தது இதற்கு நேரெதிர். பிட்காயின் மென்பொருளின் பழைய 0.7 பதிப்பு ஒரு பெரிய பிளாக்கை ஏற்க மறுத்தது, 0.8 ஏற்றது. சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் மனிதர்கள் பேசி, பழைய பதிப்புக்குத் திரும்பி, 0.8 பக்கத்தின் 24 பிளாக்குகளைக் கைவிட்டார்கள். எல்லோரும் ஒரே மென்பொருள் என்றால் ஒரே பிழையில் ஒன்றாக விழுவார்கள், வேறு வேறு மென்பொருள் என்றால் பிரிந்துபோவார்கள். இதற்கு இன்னும் சுத்தமான தீர்வு இல்லை.

தராசிலேயே ஏமாற்றினால் பிளாக்செயின் கண்டுபிடிக்குமா?

இல்லை. 50 மூடை வந்த இடத்தில் 45 என்று பதிந்தால் நான்கு கணினியும் 45ஐப் பத்திரமாக, என்றென்றைக்கும் காப்பாற்றும். எழுதியபின் மாறியதா என்பதை மட்டுமே இது சொல்லும். எழுதியது உண்மையா என்பதற்குக் கிட்டங்கி வாசலில் ஆள் நிற்க வேண்டும். கமக்காரரும் தன் போனிலிருந்து கையொப்பமிட்டால்தான் பதிவு செல்லும் என்று விதி வைக்கலாம், அது உதவும்.

போரில் எங்கட காணி உறுதி தொலைந்துபோனது. அப்போது இப்படி ஒன்று இருந்திருந்தால்?

பிரதி தப்பியிருக்கும், அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் வேறு ஊரில் ஒழுங்காக வைத்த சாதாரண பிரதியும் தப்பியிருக்கும். அதற்குப் பிளாக்செயின் கட்டாயமில்லை.

இனிமேல் செய்யலாமா என்றால், இரண்டு தடை. ஒன்று சட்டம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். 2006இல் இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்டம் இயற்றியபோதும் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களை அதிலிருந்து விலக்கியே வைத்தார்கள். மற்றது இன்னும் கனமானது. ஒரே காணிக்கு ஒருவர் பழைய உறுதியோடும் இன்னொருவர் அனுமதிப்பத்திரத்தோடும் வரும்போது யாருடையதை முதலில் பதிவது? பிணக்கைத் தீர்க்காமல் பதிந்தால், முந்திப் பதிந்தவரின் பக்கம் அழியாத பதிவேட்டில் ஏறிவிடும். அழியாமை அப்போது அநியாயத்துக்குக் காவல் நிற்கும். முதலில் பிணக்கு தீரட்டும்.

நான்கு கணினியையும் ஒரே அலுவலகத்தில் வைத்து ஒரே ஆள் பார்த்துக்கொண்டால்?

அது விலை கூடிய எக்செல் கோப்பு.

இரகசியச் சாவி களவு போனால்?

களவெடுத்தவர்தான் அந்தச் சங்கம் என்று மற்ற மூன்றும் நம்பும். சாவியை இரத்துச் செய்யும் வழியை முதல்நாளே எழுதிவையுங்கள். பலர் எழுதுவதில்லை.

எங்கள் சங்கத்துக்கு இது தேவையா?

ஒரே ஒரு சங்கம், கணக்காய்வாளரை எல்லோரும் நம்புகிறார்கள் என்றால் தேவையில்லை. அன்றைய கணக்குக் கோப்பை மாலையில் மூடும்போது அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை எடுங்கள். லினக்ஸ் மடிக்கணினியில் ஒரு கட்டளை, வெளியே வருவது 64 எழுத்து. அடுத்த நாள் கோப்பின் முதல் வரியில் அதை எழுதுங்கள், அச்சடித்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், பக்கத்துச் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புச் செயலாளருக்கும் போனில் அனுப்புங்கள். யாராவது பிறகு பழைய கோப்பைத் தொட்டால் அதே கட்டளையில் தெரிந்துவிடும். யார் தொட்டது என்பது தெரியாது. அதற்குத்தான் கையொப்பங்களும் நான்கு கணினிகளும் மேலே சொன்ன மற்றதெல்லாமும்.